வண்டி நிற்கும் தூரம்

மே 6

இந்த டைரி உரக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெண்டைக்கும் வெங்காயத்துக்கும் எப்போது மருந்தடிப்பது என்று போட்டிருக்கிறது. நான்கு மாதமாகப் பால் வராத நாட்களைக் குறிக்க மட்டுமே பயன்பட்டது. இன்று எழுத விஷயம் வந்துவிட்டது. என்னை வேலாங்காட்டு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். தாராபுரத்தில் இயற்பியலுக்கு ஆள் உபரியாம். பத்தொன்பது வருஷமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு உராய்வு நடத்தியவள் திடீரென்று உபரியாகிவிட்டேன்.

வேலாங்காட்டுக்குப் பஸ் காலை ஆறரைக்கு ஒன்று, பத்தே காலுக்கு ஒன்று. ஆறரை பஸ்ஸில் போனால் பள்ளியைக் கூட்டிப் பெருக்கலாம். பத்தே கால் பஸ்ஸில் போனால் மெமோ வாங்கலாம். நான் ஒன்றும் கவலைப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பள்ளிக்கும் கோயிலுக்கும் மாவு மில்லுக்கும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர் வீட்டிலேயே இருக்கிறார். பஜார் தாண்டி ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் கணவர் சென்னியப்பன். ஆர்டரை அவரிடம் நீட்டினேன்.

“கிராமத்து ரோடுதானுங்க. நீங்க விட்டுட்டு வந்து கடை தொறக்கலாம்” என்றேன்.

காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் படித்தார்.

“நீ வண்டி ஓட்டக் கத்துக்க, அம்மணி” என்றார்.

நாற்பத்தாறு வயதில்! தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மே 9

தமாஷ் இல்லை. வண்டி வந்துவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டர், மயில் கழுத்து நிறம். என்னைக் கேட்காமலே நிறம்கூட முடிவு செய்திருக்கிறார். என்னைச் சுமந்து அலுத்துவிட்டதுபோல. அலுத்துவிட்டது என்று சொன்னால் போதாதா, அதற்கு ஒரு வண்டியா வாங்க வேண்டும்?

பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டுமே, அதை வைப்பது அவர் வேலை. குனிந்து வைத்தார். பழம் டயரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமுங்க” என்று சொல்லி ஐயரே நகர்த்தினார். அவசரம், கடைக்குச் சரக்கு வருகிற நாள்.

எனக்கு இந்தச் சம்பிரதாயத்தின் மேல் ஒரு புகார் உண்டு. டயர் ரோட்டைப் பிடிப்பதே உராய்வால்தான். அந்த டயரின் முதல் வேலையாக அதற்குச் சாறு பூசி வழுக்க வைக்கிறோம். ஐயரிடம் சொன்னேன். “அதுக்குத்தானே விபூதி வெக்கறோம் டீச்சர்” என்றார். பதில் தப்பு என்றாலும் கேட்க நன்றாக இருந்தது.

மே 12

எல்.எல்.ஆர். கிடைத்தது. இன்று முதல் பாடம், சந்தை மைதானத்தில். வாத்தியார் அவர், மாணவி நான். இதைவிட மோசமான மாணவி என் வகுப்பில் இருந்ததில்லை.

எனக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் சிக்கல். நிற்கிற பொருளை நகர்த்தத்தான் அதிக விசை வேண்டும், நகர்ந்த பிறகு அதைவிடக் குறைவு போதும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வண்டி நகர்ந்ததும் என் இரண்டு கால்களும் தாமாகவே தரைக்கு வந்துவிட்டன. மைதானம் முழுக்கச் செருப்பைத் தேய்த்துக்கொண்டே போனேன்.

“காலைத் தூக்கு அம்மணி!”

“தூக்கினா விழுந்துடுவனுங்க!”

“தூக்காட்டித்தான் விழுவ. வண்டியில பிரேக்கு வெச்சுத்தான வித்திருக்கறான்? உன்ற செருப்பு எதுக்கு?”

உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்பதற்கு இன்று நானே நடமாடும் எடுத்துக்காட்டு.

மே 13

செருப்பு தேய்ந்து வார் அறுந்தது. புதுசு வாங்க வேண்டும். கருவேப்பிலையும் இல்லை.

மே 17

விழுந்தேன். முட்டியில் தோல் இல்லை. எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் உலகத்தில் இயற்பியல் டீச்சர் மட்டும்தான் இப்படி விழ முடியும்.

நேற்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். பிரேக் போட்டால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் சக்கரம் தரையை அதிகமாக அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். ஆக, நன்றாக நிற்க வேண்டுமானால் முன் பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும். புத்தகப்படி நூற்றுக்கு நூறு. இன்று காலை மைதானத்தின் ஓரத்தில் திரும்பும்போது அப்படியே செய்தேன்.

மைதானத்தின் ஓரத்தில் மணல் என்பது புத்தகத்தில் இல்லை. ஹேண்டில் திரும்பியிருந்தது என்பதும் இல்லை. உருள்கிற சக்கரம் தரையைப் பிடிக்கும். பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கும். சக்கரம் பூட்டியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், என் முதுகலைப் பட்டம் ஒரு பக்கம்.

அவர் பதறி ஓடி வந்தார். வந்தவர் பாதையோரம் கிடந்த கட்டுத்தறிக் கல்லில் இடறி என் பக்கத்திலேயே விழுந்தார். அவ்வளவு பெரிய கல், மைதானத்துக்கு வருகிற எல்லோரும் உட்காருகிற கல். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“நீங்க எதுக்குங்க விழுந்தீங்க?”

“நீ மட்டும் தனியா எதுக்கு விழோணும்னுதான்” என்றார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து டெட்டால் போடும்போதுதான் அழுகை வந்தது. முட்டிக்காகத்தான்.

மே 19

முட்டியைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் ஆரஞ்சு வாங்கி வந்தார்கள். விழுந்ததைவிட அதை எட்டு தடவை விவரித்ததுதான் வலிக்கிறது.

அவர் பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கரும்புச்சாறு குடிக்கப் போவார். இப்போது பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதே இல்லை. கேட்டால் “அலுப்பா இருக்குது” என்கிறார். என்னோடு போக அலுப்பா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மே 24

அவருடைய மோட்டார் சைக்கிள் கடைக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் தூணில் மறுபடியும் இடித்திருக்கிறது. இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. இண்டிகேட்டர் கண்ணாடி போச்சு. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். அவர் கேட்கிற மாதிரி தெரியாததால், மத்தியானம் அவர் தூங்கும்போது மெக்கானிக் காதரை வீட்டுக்கு வரவழைத்தேன்.

காதர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், மிதித்துப் பார்த்தார், ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்தார்.

“பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது. டயரும் புதுசு.”

“பொறவு எப்படிங்க இடிக்குது?”

அவர் துணியில் கையைத் துடைத்தார். “லேட்டாப் புடிக்கறாருங்க போல.”

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. காதர் போன பிறகு, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க உட்கார்ந்தேன். வண்டி நிற்க ஆகும் தூரத்துக்கு இரண்டு பகுதி. பிரேக் பிடித்த பிறகு வண்டி வழுக்காமல் போய் நிற்கிற தூரம் ஒன்று. இதற்கு உராய்வு பொறுப்பு. பிரேக் நன்றாக இருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, ரோடு காய்ந்திருக்கிறது. ஆகவே இதில் குறை இல்லை. மற்றது, எதிரே இருப்பதைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி போகிற தூரம். இதற்கும் உராய்வுக்கும் சம்பந்தமே இல்லை. இதற்குப் பொறுப்பு

இட்லிக்கு அரிசி ஊற வைக்க வேண்டும்.

மே 25

அந்தத் தூணை யார் அங்கே நட்டது? பஞ்சாயத்துக்கு எழுதிப் போட வேண்டும்.

மே 31

பிரதீபா கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் அப்பாவும் மகளும் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அரை மணி நேரம் பேசினார்கள். மூன்று துண்டுக்கு அரை மணி நேரம். நான் போனதும் பேச்சு ஹாஸ்டல் சாப்பாட்டுக்குத் தாவியது.

ஃபிரிட்ஜ் கதவில், தக்காளி சாஸுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சொட்டு மருந்து பாட்டில் கண்டேன். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது.

“இது என்னதுங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“காது சொட்டு.”

“எந்தக் காதுக்கு?”

“ரெண்டுக்கும்.”

சோதனை செய்யாமல் எதையும் ஏற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அடுப்படிக்குள் போய் முணுமுணுப்பாக, “இன்னிக்கு மைசூர் பாகு செய்யலாமா” என்றேன். கூடத்திலிருந்து “செய்யி, நெய் கொஞ்சம் தாராளமா ஊத்து” என்று குரல் வந்தது. காது அபாரம்.

பிரதீபா இன்று என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். நான் காலை ஊன்றியதும் சுள்ளென்று விழுந்தாள். “அம்மா, வெளையாடாதம்மா. நீ சீக்கிரம் கத்துக்கோணும்!” கண் கலங்கியிருந்தது. தூசி என்றாள்.

காலைத் தூக்கினேன். தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது. மைதானத்தை நான்கு சுற்று வந்தேன். எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது. கையை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் தட்டவில்லை.

ஜூன் 10

பள்ளி திறந்தது. சிவப்பில் ‘எல்’ எழுத்து ஒட்டிய வண்டியில், பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு வேலாங்காடு போய்ச் சேர்ந்தேன். பழகுநர் உரிமம் உள்ளவள் தனியாகப் போகக் கூடாதே. எங்கள் வீடு ஊருக்கு இந்தப் பக்கம். பஜாரைத் தொடாமலே கிராமத்து ரோடு பிடித்துவிடலாம். “பஜார் வழியா மட்டும் உன்ற பின்னால உக்காந்து வரமாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பெரிய மகாராஜா.

புரியாதது ஒன்றுதான். என்னை விட்டதும் அந்த வண்டியை அவர் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கலாம், சாயங்காலம் திரும்ப எடுத்து வந்திருக்கலாம். அவரோ பத்தே கால் பஸ் இங்கே வந்து ஊருக்குத் திரும்பும் வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, மறுபடியும் என் பின்னால் ஏறிக்கொண்டார். அதுவரை கடையை அங்கே வேலை செய்கிற பொன்னாத்தாள் பார்த்துக்கொள்கிறாளாம்.

“எதுக்குங்க இந்தக் கூத்து?”

“பஸ்ஸுல காத்து நல்லா வருது.”

ஜூன் 14

புது வகுப்பு எனக்குப் பிடித்துவிட்டது. உராய்வைத் தொடங்கினேன். கேள்வி: ஒரு நாள் மட்டும் உலகத்தில் உராய்வே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

“நடக்க முடியாதுங்க டீச்சர்.” “பென்சில் எழுதாதுங்க.” “ஓடற பஸ்ஸு நிக்காது, நிக்கற பஸ்ஸு ஓடாதுங்க.” நல்ல பதில்கள். கடைசி பெஞ்சில் கோகிலவாணி என்கிற பெண் யோசித்து எழுந்தாள். “தாலி நிக்காதுங்க டீச்சர். முடிச்சு மூணும் அவுந்துக்கும்.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, வியந்துபோனேன். உண்மைதான்: எந்த முடிச்சும் நூலை நூல் அழுத்துகிற உராய்வால்தான் நிற்கிறது. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. எங்கள் பாடப் புத்தகமோ உராய்வைத் “தேவையான தீமை” என்கிறது. எழுதியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

ஜூன் 20

எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் திரும்பும்போது, கிணற்று மேட்டைத் தாண்டி இடது பக்க வேலியிலிருந்து ஒரு ஆடு ரோட்டுக்கு வந்தது. ஓடிக்கூட வரவில்லை, மெல்ல நடந்து வந்தது. நான் எதிரே வந்த டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்து பார்ப்பது மட்டுமே அவர் வேலை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி நொடியில் கண்டு, ஹேண்டிலை நேராக வைத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டி வழுக்காமல் நின்றது. ஆடு என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

திரும்பிக் கத்தினேன். “பின்னால உக்காந்து என்ன பண்ணறீங்க? ஒரு சத்தம் குடுக்கறதில்லீங்களா?”

“பாக்கல அம்மணி.”

“பக்கத்துலதானுங்க வந்துச்சு!”

“பக்கத்துல வர்றதுதான் தெரியறதில்ல” என்றார். “நேராப் பாத்தா தெரியும்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மைல் கல்லின் மேல் உட்கார்ந்து சொன்னார். பிப்ரவரியில் பிரதீபாவைப் பார்க்கப் போனபோது, அவள்தான் வற்புறுத்திக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். கண்ணுக்குள் அழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டு வருகிறது. பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம்.

“என்றகிட்ட ஏனுங்க சொல்லல?”

“சொன்னா நீ வண்டி ஏறுவியா? வேலாங்காடும் வேண்டாம் வேலையும் வேண்டாம்னு என்றகூடவே உக்காந்துக்குவ. உன்னைய எனக்குத் தெரியாதா?”

உண்மை. அதனால் கோபம் இன்னும் கூடியது. என்னைச் சுமந்து அலுத்துவிட்டது என்று நினைத்து நான் மே மாதம் முழுக்கத் தலையணையை நனைத்தேன். அந்த மனிதர், நான் விழாமல் இருக்க வேண்டுமே என்று பஸ்ஸில் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.

காதர் வந்த அன்று போட்ட கணக்கின் விடை எனக்கு அன்றைக்கே தெரியும். எழுதப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 21

சொட்டு மருந்தை இனி நான்தான் விடுவேன். இரவு எட்டு மணிக்கு. சாஸுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியதில்லை, முட்டைத் தட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜூன் 24

கோயம்புத்தூர். டாக்டர் அம்மா இளவயது, பொறுமை அதிகம். போன பார்வை திரும்பாதாம். மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாமாம். நான் கேட்ட கேள்விகளை வைத்து “நீங்க சயின்ஸ் டீச்சரா?” என்றார்.

கிளம்பும்போது அவரிடம் அழுத்திச் சொன்னார். “நீங்க இனிமே வண்டி ஓட்டக் கூடாதுங்க ஐயா. உங்களுக்கு மட்டுமில்ல, ரோட்டுல போறவங்களுக்கும் ஆபத்து.”

இவர் பவ்யமாகத் தலையாட்டினார். சமாதானமாகி வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தோம்.

ஜூன் 25

மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனார்.

ஜூன் 29

நான்கு நாளாக வீட்டில் யுத்தம்.

“கடை வரைக்கும்தான. தெரிஞ்ச ரோடு. கண்ணை மூடிக்கிட்டே போவேன்” என்கிறார். அதுதான் எனக்குப் பயம் என்கிறேன்.

“நடந்து போங்க. லைசென்ஸ் வந்ததும் என்ற வண்டியில விட்டுட்டுப் போறேன்.”

“பஜார்ல உன்ற பின்னால உக்காந்து போனா நாலு பேரு கேப்பான். என்ன சொல்றது? சென்னியப்பனுக்குக் கண்ணு போச்சுன்னா? அப்பறம் எவன் வந்து துணி எடுப்பான்? வேட்டியில ஓட்டை இருந்தாக்கூடத் தெரியாதும்பான்.”

வெள்ளிக்கிழமை அவர் வண்டியின் பின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். சத்தமில்லாமல் பம்ப் அடித்துக்கொண்டு போனார். சனிக்கிழமை சாவியை அரிசி டப்பாவில் புதைத்தேன். இன்னொரு சாவி வைத்திருக்கிறார். ஓடுகிற வண்டியை நிறுத்த எனக்குத் தெரியும். ஓட்டுகிற இந்த ஆளை நிறுத்த எந்தப் பாடத்திலும் வழி இல்லை.

தினமும் என்னோடு பள்ளி வரை வந்து, பஸ்ஸில் வீடு திரும்பி, தன் வண்டியில் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் நின்றுகொண்டு கைப்பையையே பார்க்கிறேன். போன் அதிர்ந்த பிறகுதான் எனக்குப் பாடம் வருகிறது. இப்படி எத்தனை நாள்?

ஜூலை 3

எட்டு போட்டேன்! ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், கால் ஊன்றாமல், முன்னால் இருந்த கல்லூரிப் பையன் இரண்டு தடவை ஊன்றிய அதே எட்டு. இன்ஸ்பெக்டர் என் பழைய மாணவன். மெக்கானிக்ஸில் ஃபெயில் ஆனவன். “பாஸுங்க டீச்சர்” என்று சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த திருப்தியை மறக்க முடியாது.

அவர் கம்பிக்கு வெளியே நின்றிருந்தார். நான் வளைவில் ஓரமாகப் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார். முடித்ததும் விசில் அடித்தார், ஐம்பத்து நான்கு வயதில். வீட்டுக்கு வந்ததும் அவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். எனக்கு லைசென்ஸ் கிடைத்த சந்தோஷம் அந்தச் சத்தம் கேட்கும் வரைதான் இருந்தது.

ஜூலை 18

ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. பள்ளியிலிருந்து திரும்பி, மாவு அரைக்க ரைஸ் மில் பக்கம் போனேன். எதிர்க்காற்றில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. வேட்டி ஒரு பக்கம் பறக்கிறது, ஆள் ஒரு பக்கம் சாய்ந்து வருகிறார். அவர்தான்.

“பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?”

“இல்ல.”

நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார். கடையிலிருந்து கிளம்பி பஜாருக்குள் வந்தபோது, ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை ஓடி வந்திருக்கிறது. இடது பக்கம். அவர் பார்க்கவே இல்லை. யாரோ அலறிய பிறகுதான் பிரேக் பிடித்தாராம்.

“அந்தப் புள்ளையோட பாவாடை சக்கரத்துல ஒரசுச்சு அம்மணி. ஒண்ணும் ஆகல. அது பாட்டுக்கு ஐஸைச் சப்பிக்கிட்டு நின்னுது. எனக்குத்தான் திரும்ப வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியல. கால் ஏறல. தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.”

பஜாரிலிருந்து இங்கே வரை, இந்தக் காற்றில்.

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒரு மாதமாகச் சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கலாம். என் வண்டியை மில் வாசலில் பூட்டிவிட்டு, அவர் வண்டியின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்சீட்டில் கை வைத்துத் தள்ளினேன். இரண்டு பேர் தள்ளினால் வண்டி லேசாகத்தான் வருகிறது.

வீட்டு ஷெட்டில் நிறுத்தி, மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினார். நான்கு முனையையும் இழுத்துவிட்டு, சுருக்கம் இல்லாமல் தடவினார். கடையில் துணி மடிக்கிற கை.

மில் வாசலில் விட்ட என் வண்டியை எடுத்து வந்த பிறகு, அடுப்படியில் போய் நன்றாக அழுதேன். இந்தத் தடவை முட்டி மேல் பழி போட முடியாது.

ஜூலை 19

காலை எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது அவர் குளித்து, சட்டை போட்டு, டிபன் தூக்கோடு வாசலில் நின்றார். கடை திறப்பது ஒன்பதுக்குத்தான்.

“நேரமே போனா நேரமே யாவாரம் ஆகும்” என்றார். பின்னால் ஏறிக்கொண்டார். தெரு முனையில், “பைபாஸ்ல சுத்திப் போலாமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே, “வேண்டாம். பஜார்லயே போ” என்றார்.

பஜார் எட்டு மணிக்கு விழித்துக்கொண்டிருந்தது. பூக்கடைக்காரி கட்டுகிற பூவை விட்டுவிட்டுப் பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் டம்ளரை வாயருகில் வைத்தபடி பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான பாத்திரக்கடை குப்பண்ணன் வாய் சும்மா இருக்குமா.

“என்ன சென்னியப்பா! சம்சாரம் ஓட்ட, நீ சவாரி போற அளவுக்கு வந்துட்டியா?”

வேகமாகப் போய்விடலாம் என்று ஆக்சிலேட்டரைத் திருகப் போனேன். என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

“எனக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் தெரியறதில்லீங்கண்ணா” என்றார், பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி. “நேரா இருக்கறது தெரியும். துணி நல்லாத் தெரியும். வண்டிதான் ஓட்டக் கூடாது. இனி எப்பவும் அம்மணிகூடத்தான் வருவேன். தீவாளிக்குத் துணியெடுக்க வந்துருங்க.”

குப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். “வர்றனப்பா” என்றார். நான் கிளம்பினேன். முன்னால் இருந்த ரோடு எனக்குக் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது.

பஜாரைத் தாண்டினால் ஆற்றுப் பாலம், அதற்கு அந்தப் பக்கம் கடை. காற்று அங்கே ஆளைத் தூக்குகிறது. எதிரே வந்த ஸ்கூட்டர்ப் பெண் ஒருத்தி, தனியாக வந்தவள், அலைக்கழிந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள். எங்கள் வண்டி நேர்க்கோட்டில் போனது.

பாலத்தின் நடுவில், காதருகில் அவர் குரல் கேட்டது. பஜாரில் இருந்த குரல் இல்லை, மிகவும் சின்னக் குரல்.

“கனமா இருக்கறனா, அம்மணி?”

“நல்லா உக்காருங்க” என்றேன். “கனம் இருந்தாத்தானுங்க சக்கரம் ரோட்டைப் புடிக்கும்.”